போடிமெட்டு ஏறுமா? 1 லட்சம் முதல் 2.5 லட்சம் வரை எலக்ட்ரிக் மோட்டார் சைக்கிள்: சம்பளக்காரர் கணக்கு

எலக்ட்ரிக் பைக் பத்தி சேனல்ல பேசும்போதெல்லாம் சென்னை, கோவை ரோட்டை மனசுல வச்சே பேசிடறோம். தேனி, போடி பக்கம் இருக்கிறவங்களுக்கு அந்தக் கணக்கு பாதிதான் பொருந்தும். போடிநாயக்கனூர்ல வீடு, தேனியில வேலை, லீவு நாள்ல மேல பூப்பாறை பக்கம் சொந்தக்காரங்க வீடு. இப்படி இருக்கிற ஒருத்தர் வண்டி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை கிலோமீட்டர் ஓடும்" இல்லை. "மேட்டுல என்ன ஆகும்" என்பதுதான். வீடியோவில் இதை விரிவா சொல்ல நேரம் பத்தலை, அதனால இங்க எழுதுறேன்.

போடி ஊர் இருக்கிறது மலை அடிவாரத்துல. அங்கிருந்து முந்தல் வழியா கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில ஏறினா போடிமெட்டு. இருபது கிலோமீட்டருக்கு மேல கொண்டை ஊசி வளைவுகள், உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,000 மீட்டர். ஏலத்தோட்ட வேலைக்குப் போற ஜீப்புங்க காலையில வரிசையா ஏறுற அதே ரோடு. தமிழ்நாட்டுல ஒரு எலக்ட்ரிக் பைக்கைச் சோதிச்சுப் பார்க்க இதைவிட நேர்மையான இடம் கிடைக்கிறது கஷ்டம்.

ஏற்றத்துக்கு எத்தனை யூனிட்?

பேட்டரி அளவை கம்பெனிக்காரங்க கிலோவாட் அவர்னு சொல்வாங்க. பயப்பட வேண்டாம், அது நம்ம வீட்டு கரண்ட் பில்லுல வர்ற யூனிட்தான். 3.24 கிலோவாட் அவர் பேட்டரின்னா 3.24 யூனிட் கரண்ட் அதுல நிக்கும்.

மேட்டுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கு. வண்டி, ஆள், பை எல்லாம் சேர்த்த எடையை (கிலோவில்) ஏற வேண்டிய உயரத்தால (மீட்டரில்) பெருக்கி, 3,67,000 ஆல வகுத்தா, அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் எத்தனை யூனிட் வேணும்னு வந்துடும். பள்ளிக்கூடத்துல படிச்ச நிலை ஆற்றல்தான், வேற ஒண்ணும் இல்லை.

வண்டியும் நீங்களும் சேர்த்து 200 கிலோன்னு வைங்க. 200 × 1,000 ÷ 3,67,000 = சுமார் 0.55 யூனிட். இதோட டயர் உராய்வு, காத்து எதிர்ப்பு, மோட்டார்லயும் கன்ட்ரோலர்லயும் சூடா போற நஷ்டம் எல்லாம் சேர்த்தா, முந்தல்ல இருந்து போடிமெட்டு வரைக்கும் தனியா ஏற ஏறத்தாழ 1 யூனிட். பின்னால ஒருத்தர் உக்காந்து மொத்தம் 270 கிலோ ஆனா 1.3 முதல் 1.4 யூனிட். இது என்னுடைய மதிப்பீடு. நீங்க ஓட்டுற விதம், டயர் காத்து, மழை இதுக்கெல்லாம் ஏத்தபடி கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

இப்ப இதை பேட்டரியோட ஒப்பிடுங்க. 2.2 யூனிட் பேட்டரி வண்டியில ரெண்டு பேர் ஏறினா, மேல போய்ச் சேரும்போது மூணுல ரெண்டு பங்கு காலி. 3.24 யூனிட் வண்டின்னா பாதிக்குக் கீழதான் செலவாகும். 4.4 யூனிட் வண்டியில முப்பது சதவீதம் சுமார். விளம்பரத்துல "100 கிலோமீட்டர்"னு போட்டிருக்கிற சின்ன பேட்டரி வண்டி, இந்த ரோட்டுல இருபத்தி சொச்சம் கிலோமீட்டர்லயே முகம் வாடிடும்.

ஆனா இதுல ஒரு நல்ல சேதியும் இருக்கு. இறங்கும்போது பேட்டரி கிட்டத்தட்ட செலவே ஆகாது. ரீஜென் பிரேக்கிங் இருந்தா கொஞ்சம் திரும்பக் கூட ஏறும். ஏறின கரண்ட் முழுசா திரும்ப வரும்னு சொல்றவங்களை நம்பாதீங்க, நூத்துல நாலஞ்சு பங்கு பேட்டரி கூடினாலே பெருசு. ஆனாலும் போடி – போடிமெட்டு – போடின்னு போய்த் திரும்பினா மொத்தச் சராசரி சமதள ரோட்டை விட மோசமா இருக்காது. சிக்கல் வர்றது போற வழியில மட்டும்தான். மேல போய்ச் சேர்ந்த பிறகு இன்னும் தூரம் போகணுமா, மூணாறு வரைக்குமா (போடியில இருந்து சுமார் 70 கிலோமீட்டர், நடுவுல இறங்கி மறுபடியும் ஏறும்) என்பதைப் பொறுத்துத்தான் பேட்டரி அளவை முடிவு பண்ணணும். வெறும் தேனி – போடி ஆபீஸ் போக்குவரத்துன்னா ஒரு பக்கம் பதினைஞ்சு கிலோமீட்டர்தான், அதுக்குச் சின்ன பேட்டரியே தாராளம்.

மோட்டார் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாருங்க

சில வண்டியில மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளயே இருக்கும், இதுதான் ஹப் மோட்டார். சில வண்டியில நடு பாடியில மோட்டார் இருந்து, செயின் அல்லது பெல்ட் வழியா சக்கரத்தைச் சுத்தும். சமதளத்துல ரெண்டும் ஒண்ணுதான். ஹப் மோட்டார்ல பராமரிப்பு கூடக் குறைவு. மலையில கதை வேற. நடுவுல இருக்கிற மோட்டார், பல்சக்கர விகிதத்தால வேகமா சுத்திக்கிட்டே சக்கரத்துக்கு அதிக இழுவை கொடுக்கும். ஹப் மோட்டார் சக்கரம் சுத்துற அதே வேகத்துலதான் சுத்தணும். மெதுவா, பாரத்தோட, நீண்ட நேரம் ஏறும்போது அது சீக்கிரம் சூடாகும். சூடானதும் கன்ட்ரோலர் தானே சக்தியைக் குறைச்சிடும். வண்டி பழுதாகலை, தன்னைக் காப்பாத்திக்குது. ஆனா பின்னால ஒரு லாரி வந்துக்கிட்டு இருக்கிற வளைவுல, முறுக்கியும் வண்டி இழுக்காம போறது உங்களுக்கு வேடிக்கையா இருக்காது.

அதனால ஷோரூம்ல "பீக் பவர்" எவ்வளவுன்னு கேட்காதீங்க, "தொடர்ந்து கொடுக்கிற பவர்" எவ்வளவுன்னு கேளுங்க. பீக்ங்கிறது சில நொடிகளுக்குத்தான். நூறு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் உயர்ற சராசரி ஏற்றத்துல, ரெண்டு பேரோட மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல போகவே சக்கரத்துக்கு ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல தொடர்ந்து வேணும். செங்குத்தான வளைவுல இரண்டரையைத் தாண்டும். அதுக்குக் கீழ தொடர் பவர் உள்ள வண்டி இந்த ரோட்டுக்கு வேண்டாம்.

இறங்கும்போது கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, இதை யாரும் சொல்றதில்லை. பெட்ரோல் வண்டியில ரெண்டாவது கியர்ல போட்டு என்ஜின் பிடியிலேயே இறங்குவோம். பெரும்பாலான எலக்ட்ரிக் பைக்ல கியர் கிடையாது, அந்த வேலையை ரீஜென்தான் செய்யணும். பேட்டரி 100 சதவீதம் நிரம்பி இருந்தா ரீஜென் வேலை செய்யாது, கரண்ட் போய் உக்கார இடம் இல்லையே! மேல பூப்பாறையிலயோ போடிமெட்டுலயோ ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில முழு பேட்டரியோட இறங்கினா, மொத்த பாரமும் பிரேக் டிஸ்க் மேலதான். பிரேக் சூடாகிப் பிடி குறையும். மேல சார்ஜ் போட்டா 80, 85 சதவீதத்துல நிறுத்திடுங்க. கீழ வர்றதுக்கு அதுவே மிச்சம்.

சந்தையில என்ன இருக்கு

இந்தியாவுல விக்கிற எலக்ட்ரிக் ரெண்டு சக்கர வண்டிகள்ல பெரும்பங்கு ஸ்கூட்டர்தான், மோட்டார் சைக்கிள் ரொம்பக் கொஞ்சம். உலகம் முழுக்க நடு விலை எலக்ட்ரிக் பைக் கிடைக்கிறது சிரமமாத்தான் இருந்திருக்கு. ஹார்லி டேவிட்சன் 2019ல கொண்டுவந்த லைவ்வயரோட அமெரிக்க விலை கிட்டத்தட்ட 30,000 டாலர். அந்த வகையில நம்ம நிலைமை பரவாயில்லை. கீழ சொல்றதெல்லாம் அறிமுகம் ஆனப்போ சொன்ன ஷோரூம் விலை. மாறிக்கிட்டே இருக்கும், ஆன்ரோடு விலை தனி.

ஒரு லட்சத்துக்குப் பக்கத்துல: ரிவோல்ட் ஆர்வி1 (2024 செப்டம்பர், 2.2 யூனிட் பேட்டரி 84,990 ரூபாய், 3.24 யூனிட் உள்ள ஆர்வி1 பிளஸ் 99,990). ஓபென் ரோர் ஈஸி (2024 நவம்பர், 89,999ல ஆரம்பிச்சு 2.6, 3.4, 4.4 யூனிட்னு மூணு பேட்டரி). கிருஷ்ணகிரி மாவட்டத்துல தயாராகுற ஓலா ரோட்ஸ்டர் எக்ஸ் (2025 பிப்ரவரி, 2.5 யூனிட் 74,999ல இருந்து). இந்த மூணுலயும் மோட்டார் நடுவுலதான் இருக்கு, அது நமக்கு நல்லது. ஓபென் வண்டியில இருக்கிறது எல்எஃப்பி வகை பேட்டரி, கொஞ்சம் எடை கூட. ஆனா வெயிலைத் தாங்கும், அதிக தடவை சார்ஜ் போடலாம். போடியில சித்திரை வெயில்ல வண்டியை வெளிய நிறுத்துறவங்களுக்கு இது ஒரு பாயின்ட்.

நடுவுல மேட்டர் ஏரா. 2023 மார்ச்ல 1.44 லட்சம்னு அறிவிச்சாங்க. 5 யூனிட் பேட்டரி, நாலு கியர், திரவக் குளிரூட்டல். எலக்ட்ரிக் வண்டிக்கு கியர் எதுக்குன்னு நகரத்து விமர்சகர்கள் கேட்டாங்க. மலையடிவாரத்துல இருக்கிற நாம அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டோம்.

மேல் வரம்புல நம்ம சென்னை கம்பெனி ராப்டீயோட டி30. 2024 அக்டோபர்ல 2.39 லட்சம், 5.4 யூனிட் பேட்டரி. இதோட விசேஷம், கார்களுக்கு வச்சிருக்கிற சிசிஎஸ்2 சார்ஜிங் நிலையத்துலயே இதுக்கும் போட்டுக்கலாம். அதுக்கும் மேல அல்ட்ராவயலெட் எஃப்77 மாக் 2 (2024 ஏப்ரல்ல 2.99 லட்சம்) இருக்கு. நல்ல வண்டி, ஆனா நம்ம பட்ஜெட் எல்லையைத் தாண்டிடுது, விட்டுடுவோம்.

கம்பெனி சொல்ற தூரத்துல மூணுல ரெண்டு பங்குதான் சமதளத்துலயே கிடைக்கும்னு வச்சுக்கிட்டு திட்டம் போடுங்க. நான் அப்படித்தான் கணக்கு போடுறேன்.

பழைய வீடியோ பார்த்து விலை முடிவு பண்ணாதீங்க

மத்திய அரசு மானியம் எப்படி இறங்கி வந்திருக்குன்னு பாருங்க. 2021 ஜூன்ல யூனிட்டுக்கு 15,000 ரூபாய். 2023 ஜூன்ல 10,000, அதுலயும் விலையில 15 சதவீதத்துக்கு மேல கிடையாது. 2024 ஏப்ரல்ல 5,000, ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 10,000. 2025 ஏப்ரல்ல 2,500, அதிகபட்சம் 5,000. அதாவது மானியம் இனிமே வாங்குறதுக்கு ஒரு காரணமே இல்லை. இன்னொரு பக்கம், 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்குமான பெட்ரோல் பைக்குக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிடுச்சு. எலக்ட்ரிக்குக்கு 5 சதவீதம்தான், அது மாறலை. ஆனா இடைவெளி சுருங்கிடுச்சு. தமிழ்நாட்டோட 2023 மின்வாகனக் கொள்கையில சாலை வரி விலக்கு 2025 டிசம்பர் வரைக்கும்னு போட்டிருந்தாங்க. நீங்க புக் பண்ற அன்னைக்கு என்ன நிலைமைன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க, ஷோரூம்காரர் சொல்றதோட நிறுத்தாதீங்க.

இன்னொண்ணு, "எலக்ட்ரிக் வண்டி லோன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வரி விலக்கு"ன்னு இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. அது 80இஇபி பிரிவு. 2019 ஏப்ரல் 1ல இருந்து 2023 மார்ச் 31க்குள்ள அனுமதி ஆன லோனுக்கு மட்டும்தான். இன்னைக்கு நீங்க வாங்குற லோனுக்கு இல்லவே இல்லை.

"பெட்ரோல் காசுலயே இ.எம்.ஐ. கட்டிடலாம்"

இந்த வசனத்தை சேல்ஸ்மேன் கட்டாயம் சொல்வார். போட்டுப் பார்ப்போம்.

கையில 28,000 சம்பளம். தினம் தேனி போய் வர 30 கிலோமீட்டர், மாசம் 25 நாள், 750. ரெண்டு தடவை மலை, சேர்த்து 850 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கிற 125 சிசி பெட்ரோல் வண்டின்னா 17 லிட்டர், லிட்டர் 100 ரூபாய்னு வச்சா 1,700 ரூபாய். எலக்ட்ரிக்னா சார்ஜிங் நஷ்டத்தோட சேர்த்து சுமார் 30 யூனிட். யூனிட் 10 ரூபாய்னு தாராளமா வச்சாலும் 300. மிச்சம் மாசம் 1,400.

ஒரு லட்சம் லோன், 11 சதவீத வட்டி, 36 மாசம்னா இ.எம்.ஐ. 3,274. மொத்த வட்டி 17,860 சுமார். அதே லோன் 15 சதவீதத்துல கிடைச்சா இ.எம்.ஐ. 3,467, வட்டி 24,800. எலக்ட்ரிக் பைக்குக்கு, அதுவும் புது கம்பெனி வண்டிக்கு, பழைய விலை எப்படி இருக்கும்னு தெரியாததால லோன் கொடுக்கிறவங்க வட்டியைக் கூட்டிக் கேட்கிறது சகஜம். ரெண்டு இடத்துல விசாரிக்காம கையெழுத்துப் போடாதீங்க. ஆக 1,400 மிச்சத்துல 3,274 கட்ட முடியாது. பாதி கூட வராது.

பேட்டரிக்கும் ஒதுக்கணும். மாசம் 700 ரூபாய் ஆர்.டி. போடுங்க, அஞ்சு வருஷத்துல வட்டியோட ஐம்பதாயிரத்தை நெருங்கும். என்ஜின் ஆயில், கிளட்ச் மாதிரி செலவு இல்லாததால மாசம் 250 மிச்சம்னு வச்சா, உண்மையான லாபம் 1,400 + 250 – 700 = 950. பெட்ரோல் வண்டியை விட 30,000 கூடக் கொடுத்து வாங்கினா அந்தக் காசு திரும்ப 32 மாசம் ஆகும். இது நியாயமான முதலீடுதான். ஆனா நீங்க வாரத்துல மூணு நாள் வீட்டுல இருந்து வேலை பார்க்கிறவர், மாசம் 300 கிலோமீட்டர்தான் ஓட்டுறீங்கன்னா மிச்சம் 500 கூட வராது, பேட்டரி ஆர்.டி.க்கே பத்தாது. உங்களுக்கு எலக்ட்ரிக் பைக் ஆசைக்கு வாங்குறது, காசு மிச்சம் பண்ண இல்லை. ஆசைக்கு வாங்குறது தப்பும் இல்லை, எக்ஸெல்ல அதை மறைக்காம இருந்தா போதும்.

2.39 லட்சம் வண்டிக்கு 125 சிசியோட ஒப்பிட்டா எட்டு வருஷம் ஆனாலும் காசு திரும்பாது. ஒருவேளை நீங்க எப்படியும் 250, 300 சிசி வண்டிதான் வாங்கப் போறவர்னா, அதோட ஒப்பிடுங்க. அங்க பெட்ரோல் செலவு 2,400க்குப் போகும், விலை வித்தியாசமும் சின்னது. எதோட ஒப்பிடுறீங்கன்னு நேர்மையா முடிவு பண்றதுலதான் பாதி விஷயம் இருக்கு.

வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு: வீட்டுக்காரர்கிட்ட முதல்லயே பேசிடுங்க. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா மின் கட்டண அடுக்கு மாறும். பொது மீட்டர்னா உங்க 60 யூனிட்தான் தாண்ட வச்சுதுன்னு சண்டை வரும். மாடி வீடுன்னா ரிவோல்ட் ஆர்வி400 மாதிரி பேட்டரியைக் கழட்டி எடுக்கிற வண்டி வசதி. ஆனா அது சுமார் 20 கிலோ, தினம் ரெண்டு மாடி தூக்கிப் பாருங்க, ஒரு வாரத்துல ஆசை போயிடும்.

கம்பெனி நிக்குமா?

எனக்கு மைலேஜை விட இதுதான் பெரிய கவலை. ஸ்வீடனோட கேக் கம்பெனி 2024 பிப்ரவரியில திவால். இத்தாலியோட எனர்ஜிகா அதே வருஷம் அக்டோபர்ல. நம்ம நாட்டுல ஒரு காலத்துல எலக்ட்ரிக் ஸ்கூட்டர் விற்பனையில முன்னணியில இருந்த ஹீரோ எலக்ட்ரிக் மேல 2024 டிசம்பர்ல திவால் நடவடிக்கை ஆரம்பிச்சுது. எட்டு வருஷ வாரண்டின்னு அட்டை கொடுக்கிறாங்க, அந்த எட்டு வருஷமும் கம்பெனி இருந்தாத்தான் அது வாரண்டி.

அதனால சர்வீஸ் சென்டர் தேனி மாவட்டத்துக்குள்ள இருக்கான்னு பாருங்க. மதுரையிலதான் இருக்குன்னா, போடியில இருந்து 90 கிலோமீட்டர் வண்டியை டெம்போவுல ஏத்திக் கொண்டு போற செலவு, ஒரு நாள் லீவு, ரெண்டையும் சேர்த்துக்கோங்க. ஷோரூமும் சர்வீஸும் வேற வேற. ஷோரூம் இருக்கிறதால சர்வீஸ் இருக்குன்னு அர்த்தம் இல்லை. பேட்டரியை வாரண்டிக்கு வெளிய மாத்த எவ்வளவுன்னு எழுத்துல கேளுங்க. எழுதித் தர மாட்டேன்னா, அதுவே பதில்தான்.

சரி, மோட்டார் சைக்கிள்தான் வேணுமான்னும் ஒரு தடவை யோசிச்சுக்கோங்க. ஓசூர்ல தயாராகுற ஏத்தர் 450 வகை ஸ்கூட்டர்ல மோட்டார் நடுவுல இருந்து பெல்ட்லதான் ஓடுது, சர்வீஸ் வலைப்பின்னலும் பெருசு. தார் ரோட்டுல மட்டும் போறவங்களுக்கு அது போதும். தோட்டத்துக்குள்ள ஜீப் பாதையில, மழைச் சேறுல போறவங்களுக்குத்தான் பெரிய சக்கரம் கட்டாயம்.

வாங்குறதுக்கு முன்னாடி ஷோரூம் வாசல்ல ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டுத் திருப்தி ஆகாதீங்க. முந்தல் வரைக்கும் போய், பின்னால ஒரு நண்பரை உக்கார வச்சு ஏறிப் பார்க்க விடுங்கன்னு கேளுங்க. விடலைன்னா அதே மாடல் வச்சிருக்கிறவர் யாராவது தேனியில இருப்பார், ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்க. முந்தல்ல பேட்டரி எத்தனை சதவீதம், போடிமெட்டுல எத்தனை, நடுவுல வேகம் தானா குறைஞ்சுதா, சூடு எச்சரிக்கை விளக்கு வந்துதா. இந்த நாலையும் போன்ல குறிச்சுக்கோங்க. ஏற்கெனவே வண்டி வச்சிருக்கிறவங்க இதே நாலையும் எனக்கு அனுப்புங்க, வண்டிப் பேரும் பின்னால ஆள் இருந்தாரான்னும் சேர்த்து. பத்துப் பேர் அனுப்பினா அடுத்த வீடியோவுல மாடல் வாரியா அட்டவணை போட்டுடலாம்.